வானொலியும் வானவீதியும் – 7: ஸியரா நான்கு எங்கே இருக்கிறது?

ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எவருக்கும், இறக்கையையும் இயந்திரத்தையும் பற்றிய பாடங்களோடு சேர்த்துப் போதிக்கப்படும் நியமம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கும் அதிகாரி வானொலி மூலம் ஓர் உத்தரவு கொடுத்தால், அதற்கு ‘ஆகட்டும்’ என்று பதில் சொல்லிவிட்டு நகர்வது விமானிக்குப் போதாது. உத்தரவின் முக்கியமான அம்சங்களை அவர் தம் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். அதை அதிகாரி காது கொடுத்துக் கேட்டு, பிசகு ஏதேனும் இருந்தால் அந்த க்ஷணமே திருத்த வேண்டும். சொந்த விமானத்தையோ சிறு விமானத்தையோ ஓட்டுகிறவர், அநேகமாகத் தனி ஒருவராகவே சுக்கானைப் பிடித்து, வரைபடத்தைப் பார்த்து, அலைவரிசையை மாற்றி, முன்பின் பழகாத நிலையத்தின் உச்சரிப்பையும் புரிந்துகொண்டாக வேண்டியவராகையால், பெரிய கம்பெனி விமானிகளைக் காட்டிலும் அவருக்கே இந்த நியமம் அதிக ரட்சணையாக இருக்கிறது. அது பாதி அனுஷ்டிக்கப்பட்டு, பாதி கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு, இத்தாலியில் மிலான் நகரத்து லினாத்தே விமான நிலையத்தில் நடந்ததைவிடத் துயரமான திருஷ்டாந்தம் நான் அறிந்தவரையில் வேறில்லை.

2001-ஆம் வருஷம் அக்டோபர் 8-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. நிலையம் முழுவதையும் மூடுபனி கவிந்து, கோபுரத்தில் நின்றவர்களுக்குக் கீழே ஓடுபாதை இருக்கிறது என்பதே ஞாபகத்தால் தெரிந்ததேயன்றிக் கண்ணால் தெரியவில்லை. ஜெர்மனியிலிருந்து அன்று காலையில்தான் வந்திறங்கிய செஸ்னா சைட்டேஷன் என்ற சிறு ஜெட் விமானம், இரண்டு ஜெர்மானிய விமானிகளோடும் இரண்டு இத்தாலியப் பிரயாணிகளோடும் பாரிஸுக்குப் புறப்பட ஆயத்தமாக, தனியார் விமானங்கள் நிற்கும் மேற்குத் திடலில் காத்திருந்தது. அந்தத் திடலிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ரோமியோ ஐந்து என்பது வடக்கே சென்று, பெரிய ஓடுபாதையின் முனையைச் சுற்றிக்கொண்டு போவது. ரோமியோ ஆறு என்பது தென்கிழக்கே திரும்பி, அதே ஓடுபாதையின் குறுக்கே நேராகப் போய்விடுவது.

தரைப் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி, வடக்கு நோக்கி ரோமியோ ஐந்து வழியாகச் சென்று, ஓடுபாதையின் நீட்சிக்கு முன்னுள்ள தடைக்கோட்டில் நின்று தம்மைக் கூப்பிடும்படி சொன்னார். விமானி திருப்பிச் சொன்னபோது ரோமியோ ஐந்து என்ற பெயர் சரியாகவே வந்தது. ஆனால் வடக்கு என்ற திசை விழுந்துவிட்டது, தடைக்கோடு விழுந்துவிட்டது, ஓடுபாதையின் நீட்சி என்றிருந்தது வெறும் ஓடுபாதையாகிவிட்டது. விடுபட்டவற்றைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. விமானமும் பனிக்குள் வலப்புறமாகத் திரும்பி, ரோமியோ ஆறில் ஊர்ந்து சென்றது.

பேசியதில் வந்த பிழை அதுவென்றால், கேட்டதில் வந்த பிழை அதற்கு அடுத்தது. என் அபிப்பிராயத்தில் இதுவே பெரிது. சற்று நேரத்தில் விமானி, தாம் ஸியரா நான்கை நெருங்குவதாக அறிவித்தார். தரையில் மஞ்சள் வர்ணத்தில் எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குறி அதிகாரபூர்வமான எந்த வரைபடத்திலும் கிடையாது. முன்னொரு காலத்தில் போட்டுக் கைவிடப்பட்ட திட்டத்தின் மிச்சம் அது. கோபுரத்து அதிகாரிக்கு அப்படியொரு குறி இருப்பதே தெரியாது. இடத்தை உறுதிசெய்யும்படி அவர் கேட்டார். ஓடுபாதையை நெருங்குவதாகவும், ஸியரா நான்கு என்றும் மறுபடி அதே பதில் வந்தது. ஊரில் இல்லாத தெருவின் பெயரைச் சொல்லி ஒருவர் தாம் அங்கே நிற்பதாகத் தெரிவித்தால், அது எந்தத் தெரு என்று விசாரிக்காமல் அவரை மேலே நடக்கச் சொல்வோமா? விமானம் வடக்கே, தாம் அனுப்பிய இடத்தில்தான் நிற்கிறது என்று நம்பிய அதிகாரி, முதலில் நிற்கச் சொல்லி, பிறகு மேலே தொடர்ந்து பிரதான திடலுக்குச் செல்லும்படி உத்தரவிட்டார்.

அவர்களுக்கு முன்னால் தடைக்கோட்டின் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தொடர்ந்து போகலாம் என்ற குரல் காதில் விழுந்த பிறகு, கண்ணெதிரே எரிந்த விளக்கு அந்த இரண்டு விமானிகளுக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. தடைக்கோட்டைத் தாண்டி, உபயோகத்திலிருந்த ஓடுபாதையில் நுழைந்தார்கள்.

அதே நிமிஷத்தில், வேறோர் அலைவரிசையில் உத்தரவு பெற்று, கோபன்ஹேகனுக்குப் போகும் ஸ்காண்டிநேவியக் கம்பெனி விமானம் 110 பேரோடு அந்த ஓடுபாதையில் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் மேலெழும்பத் தொடங்கியிருந்தது. அலைவரிசை வேறாகையால் இவர்கள் பேசியது அவர்கள் காதில் விழவில்லை. மோதிய வேகத்தில் அதன் வலப்புற இயந்திரம் பிய்ந்து விழ, சில கணம் மட்டும் காற்றில் நின்று, பிறகு தரையில் இறங்கிச் சறுக்கி, சாமான்கள் பிரிக்கும் கட்டடத்தில் போய் மோதியது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேருமாக 118 உயிர்கள் போயின.

விசாரணையில் வெளிவந்த விஷயங்கள் மனத்தை இன்னும் வருத்துகின்றன. தரையில் நகரும் விமானங்களைக் காட்டக்கூடிய பழைய ராடார் 1999-லேயே நிறுத்தப்பட்டிருந்தது. புதியது வாங்கப்பட்டிருந்தும் அன்று இயங்கவில்லை. அத்தனை அடர்ந்த பனியில் புறப்படுவதற்குரிய தகுதி அந்தச் சிறு விமானத்தின் விமானிகளுக்கு இல்லை. இருக்கிறதா என்று கேட்டவர்களும் இல்லை. அதே அலைவரிசையில் மற்றவர்களோடு நடந்த சம்பாஷணையில் ஒரு பகுதி இத்தாலிய மொழியில் இருந்தபடியால், சுற்றிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் காதால் அனுமானிக்கும் வசதியும் அந்நியர்களுக்குக் கிட்டவில்லை. விமானிகள் மீதும் அதிகாரி மீதும் குற்றத்தைச் சுமத்துவது சுலபம். கோபுரத்து அதிகாரியும் நிலைய நிர்வாகிகள் சிலரும் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். ஆயினும் தரையில் ஒரு பெயரை எழுதிவைத்து, அதைக் கோபுரத்தில் உட்காருகிறவருக்குச் சொல்லாமல் விட்ட நிர்வாகத்தின் அசிரத்தையே இந்த அனர்த்தத்துக்கு மூலகாரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். நம்முடைய விமானக் கழகங்களில் பயிலும் இளைஞர்கள், திருப்பிச் சொல்லும்போது திசையை விட்டுவிடாதிருக்கவும், தெரியாத பெயர் காதில் விழுந்தால் வெட்கப்படாமல் நின்று கேட்கவும் பழக வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

லினாத்தேயில் பேச்சாவது நடந்தது. 1986 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்ஜலிஸ் அருகே, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆகாயப் பகுதிக்குள் ஒரு சிறு பைப்பர் விமானம் அனுமதி கேளாமலே நுழைந்து, மெக்ஸிகோவிலிருந்து வந்த விமானத்தோடு மோதியதில் 82 பேர் மாண்டார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.