வீடே பள்ளி ஆகுமா?



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஒரு பாடத்திட்டத்தைத் தேர்ந்துகொண்டு, பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் முறைக்கு வீட்டுவழிக் கல்வி என்று பெயர். கற்றறிந்த குடும்பங்கள் சில நம் நாட்டிலும் இம்முறையை மேற்கொண்டுள்ளன. இதனைப் புதுமை என்று புகழ்வாரும் உளர். பொறுப்பற்ற செயல் என்று இகழ்வாரும் உளர். நாம் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. வீடு எதனைக் கற்பிக்க வல்லது, எதனைக் கற்பிக்க மாட்டாது என்பதை மட்டும் ஆராய்வோம்.

இதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியும், அதனையடுத்த சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களும் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றவை. அங்கே தறியுள்ள ஒவ்வொரு வீடும் ஒரு பயிற்சிக்கூடம். அன்னை தார் சுற்றுவதைக் கண்டு குழந்தை தார் சுற்றக் கற்கிறது. தந்தை அறுந்த இழையை முடிவதைக் கண்டு இழை முடியக் கற்கிறது. பாவின் இறுக்கத்தை விரல் அறிகிறது. மிதியின் தாளத்தைக் கால் அறிகிறது. அங்கே பாடநூல் இல்லை, மணியோசை இல்லை. ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர். பிழை நேர்ந்தால் அதனைத் துணியே உடனே காட்டிக்கொடுக்கும். இதனினும் சிறந்த பயிற்சிமுறையைக் காண்பது அரிது.

ஆயினும், இவ்வளவு திறம்படக் கற்பிக்கும் அதே வீடு, கூலிக் கணக்கைச் சரிபார்க்கவோ, முன்பணம் பெறும்பொழுது கையொப்பமிடும் தாளைப் படித்தறியவோ, தறியை விட்டு வேறு தொழில் நாடவோ கற்பிப்பதில்லை. இந்த வேறுபாடே ஒருமுறை நம் மாநில அரசியலைக் குலுக்கியது.

1953ஆம் ஆண்டில், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபொழுது, சென்னை மாநிலக் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் புகுத்தப்பட்டது. பள்ளி நேரம் நாள்தோறும் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவோ, அவர்களுக்குத் துணைசெய்யவோ வேண்டும். மாணவரை இரு பிரிவாக்கி மாறிமாறி வரச்செய்தால், இருக்கின்ற கட்டடத்திலும் ஆசிரியரைக்கொண்டும் மேலும் பல பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசின் கருத்து. உடலுழைப்பின் மதிப்பைக் குழந்தை உணரும் என்றும் கூறப்பட்டது.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். காங்கிரசிலேயே பலர் இதனை ஏற்கவில்லை. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபொழுது, ஆதரவாக 138 பேரும் எதிராக 138 பேரும் வாக்களித்தனர். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தோர் தொழிலை இழிவாகக் கருதியவரல்லர். நெசவாளர் வீட்டில் நெசவு, அரசாங்கம் ஆணையிடாமலே கற்பிக்கப்பட்டு வந்தது. பெற்றோரால் கொடுக்க இயலாததைக் கொடுக்கும் இடம் பள்ளி ஒன்றே. அதன் நேரத்தைக் குறைப்பது, இல்லாததைக் குறைத்து இருப்பதைக் கூட்டுவதாகும். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது வேறு. உழவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு. எல்லா வீட்டிற்கும் ஒரே விதி வகுத்தால், முன்னமே உள்ள ஏற்றத்தாழ்வு நிலைத்துவிடும் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

இனி, இக்கால வீட்டுவழிக் கல்விக்கு வருவோம். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தக்க கல்வியைப் பள்ளி வாயிலாகவோ வேறு வகையாலோ அளிப்பது பெற்றோர் கடமை என்று வகுத்தது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் ஆசிரியர் 1970களில் வீட்டுக்கல்வியை ஆதரித்து எழுதலானார். ஜெர்மனியிலோ பள்ளி செல்லுதல் கட்டாயம். நம் நாட்டில் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வியுரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோர் கடமையாகக் கூறுகிறது. வீட்டுவழிக் கல்வி என்று தனியே ஒன்றைக் குறிப்பிடவில்லை. ஆயினும் பள்ளிக்கு வெளியே பயில்வோருக்கு வழிகள் உண்டு. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை நடத்துகிறது. தமிழக அரசின் தேர்வுத்துறை, பன்னிரண்டரை வயது நிறைந்தவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நடத்துகிறது.

இம்முறையைத் தாமே தேடிச் செல்லாத பெற்றோரும் ஒருமுறை இதனைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் முதல் எட்டு வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பரில்தான். இடையில் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசிப் பாடங்களும் இருந்தன. ஆனால் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டிற்கும், தாயே அருகிருந்து ஐயம் தீர்க்கும் வீட்டிற்கும் உள்ள தொலைவு அக்காலத்தில் வெளிப்பட்டது. வேலை இல்லாத வீட்டில் வறுமை வாட்ட, வேலை உள்ள வீட்டில் பிள்ளையின் கையும் தறிக்குத் தேவைப்பட்டது. இழந்ததை ஈடுசெய்யவே தன்னார்வலரைக்கொண்டு மாலை நேரத்தில் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது.

ஆகவே, வீட்டுவழிக் கல்வியை நாடும் பெற்றோர் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் நன்று. நாள்தோறும் உடனிருந்து கற்பிக்கும் அறிவும் ஓய்வும் பொறுமையும் நம் வீட்டில் யாருக்கு உண்டு? தேர்ந்துகொண்ட பாடத்திட்டம் பிள்ளையை எந்தத் தேர்வுக்கு, எந்தச் சான்றிதழுக்கு இட்டுச்செல்லும்? வேறு தெரு, வேறு குலம், வேறு தொழிலைச் சார்ந்த பிள்ளைகளோடு இவன் எங்கே பழகுவான்? முதலிரண்டுக்கும் பணமும் படிப்பும் விடை தேடித்தரலாம். மூன்றாவதற்கு விடை காண்பதே கடினம். செட்டியார் மகனும் நெசவாளர் மகளும் வண்டியோட்டியின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே வாய்பாட்டைச் சொல்லும் இடம் வேறு யாது?

மாணவர்களே, உங்களில் சிலர் இன்றும் பள்ளி விட்டதும் தறியருகே அமர்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், பதினான்கு வயதிற்குட்பட்டோர் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதைப் பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே அனுமதிக்கிறது. அந்த எல்லையை உங்கள் பெற்றோருக்கு நீங்களே எடுத்துரைக்கலாம். வீடு தரும் கைத்திறனை நன்றியோடு பெறுங்கள். பள்ளி தரும் எழுத்தையும் கணக்கையும் விடாது பற்றுங்கள். தறியில் அமர்வதா, வேறு பணிக்குச் செல்வதா என்று நாளை நீங்களே முடிவு செய்வதற்கு இரண்டும் வேண்டும்.