கட்டரின் பாதி விட்டம் யார் கணக்கில்?

சிலமலையிலும் போடியைச் சுற்றியும் ஏலக்காய் வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மில்லிமீட்டர் புதிதல்ல. 8 மி.மீ. சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, கீழே விழும் காய்க்கு வேறு விலை. அந்தப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்தோ, 2012-ல் தொடங்கிய போடி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தோ, கோவைக்கும் ஓசூருக்கும் வி.எம்.சி. மெஷின் ஓட்டப் போகும் பிள்ளைகளுக்கு அதே மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துப் பார்க்கும் வேலை காத்திருக்கிறது. அங்கே அவர்களை அதிகம் குழப்புவது கட்டர் காம்பன்சேஷன். அதை அவர்களுக்காகவே இங்கே விளக்குகிறேன்.

10 மி.மீ. எண்ட் மில் ஒன்றை மாட்டியிருக்கிறோம். மெஷின் நகர்த்துவது ஸ்பிண்டிலின் மையத்தை. உலோகத்தை வெட்டுவதோ கட்டரின் ஓரம். மையம் வரைபடக் கோட்டின் மேலேயே ஓடினால் இரு பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக வெட்டுப்பட்டு, 50 மி.மீ. வர வேண்டிய ஜாப் 40 ஆகிவிடும். அதனால் மையத்தைக் கோட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஓட்ட வேண்டும். ஜி41 கொடுத்தால், போகும் திசையைப் பார்த்துக் கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளும், ஜி42 வலப்பக்கம், ஜி40 ரத்து செய்யும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஆஃப்செட் பக்கத்தில் டி எண்ணுக்கு நேரே உள்ள மதிப்பு சொல்லும். வழக்கமாக வலச்சுற்றில் ஓடும் கட்டருக்கு ஜி41 என்றால் கிளைம்ப் மில்லிங். வெளிச்சுவரைக் கடிகாரச் சுற்றிலும் பாக்கெட்டின் உட்சுவரை எதிர்ச்சுற்றிலும் ஓட்டினால் ஃபினிஷ் நன்றாக வரும்.

இதுவரை எல்லாரும் படித்ததுதான். ஜாப் வீணாவது அடுத்த இடத்தில். அந்த 5 மி.மீ.யை மெஷின் தள்ளலாம், அல்லது கேம் சாஃப்ட்வேரே தள்ளிவைத்துப் புரோகிராம் எழுதிவிடலாம். கையால் எழுதும் புரோகிராமில் வரைபட அளவு அப்படியே இருக்கும், டி-யில் 5.000 போட வேண்டும். கேமில் 'வேர்' (wear, தேய்மானம்) முறையில் எடுத்த புரோகிராமில் பாதை ஏற்கெனவே தள்ளப்பட்டிருக்கும். ஜி41 அதிலும் இருக்கும், ஆனால் டி-யில் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'வேர்' புரோகிராமுக்கு 5 போட்டால் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. உலோகம் மிஞ்சும், மறுபடி ஓட்டிச் சரிசெய்துவிடலாம். வரைபட அளவில் எழுதிய புரோகிராமுக்குப் பூஜ்யம் போட்டால் ஜாப் போனதுதான்.

எது எது என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. ஜாபின் நடுவில் பூஜ்யம் வைத்திருந்தால், 50 மி.மீ. அகலத்தின் வெளிச்சுவரில் எக்ஸ் மதிப்பைப் பாருங்கள். எக்ஸ்25 என்றிருந்தால் தள்ள வேண்டியது மெஷின். எக்ஸ்30 என்றிருந்தால் கேம் தள்ளிவிட்டது. டி-யில் ரேடியஸ் போடுவதா, டயா போடுவதா என்பது மெஷினின் பாராமீட்டரைப் பொறுத்தது. புதிய மெஷினில் கைவைக்குமுன் அதை மட்டும் செட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்பன்சேஷன் நேர்கோட்டு நகர்வில்தான் தொடங்க வேண்டும், நேர்கோட்டில்தான் முடிய வேண்டும். வளைவில் ஜி41 கொடுத்தால் ஃபனுக் கன்ட்ரோலர் அலாரம் அடித்து நின்றுவிடும். உள்ளே நுழையும் அந்தக் கோடு டி மதிப்பைவிட நீளமாக இருக்கட்டும். இசட் ஆழத்துக்கு முதலில் இறங்கிவிட்டு, பிறகு ஜி41 கொடுங்கள். எக்ஸ், ஒய் நகராத வரிகள் அடுத்தடுத்து இரண்டு வந்தால் கன்ட்ரோலருக்கு முன்னால் இருக்கும் மூலை தெரியாமல் போய், சுவரைக் கடித்துவிடலாம். ஜி40-ஐயும் சுவரை விட்டு விலகிய பிறகே கொடுக்க வேண்டும். உள்மூலையின் ரேடியஸ் 4 மி.மீ. என்றால் 10 மி.மீ. கட்டர் அதற்குள் போகாது. அப்போது வரும் அலாரம் உங்களைக் காப்பாற்றத்தான் வருகிறது. டி மதிப்பைக் குறைத்து அதை ஏமாற்றாமல், சின்ன கட்டரை மாட்டுங்கள்.

அளவைத் திருத்தும்போது பிளஸ்ஸா மைனஸா என்று தடுமாறுகிறவர்கள் பலர். டி மதிப்பு குறைந்தால் கட்டர் சுவரை நெருங்கும், உலோகம் கூடுதலாகப் போகும். வெளிச்சுவர், பாக்கெட் இரண்டுக்கும் இதுவே.

'வேர்' முறைப் புரோகிராமில் முதல் ஜாபுக்கு நான் சொல்லும் வழி இது: டி-யில் 0.100 கூட்டி வைத்து ஓட்டுங்கள். 50 மி.மீ. வெளி அளவு இப்போது 50.20 வர வேண்டும். ரீஷார்ப் செய்த கட்டர் 9.94 மி.மீ.தான் இருந்தால் மைக்ரோமீட்டர் 50.26 காட்டும். மிச்சம் 0.26, அது இரு பக்கத்துக்குமானது, ஆகவே பாதி, 0.13. டி-யில் இருக்கும் 0.100-லிருந்து 0.130-ஐக் கழித்தால் மைனஸ் 0.030. அதைப் போட்டு ஃபினிஷிங் வெட்டை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். பாதியாக்க மறந்து 0.26-ஐ அப்படியே கழித்தால் ஜாப் 49.74-க்குப் போய்விடும், வெட்டிய உலோகத்தை ஒட்டவைக்க வழியில்லை.