மாடித்தோட்டம் போடப்போறீங்களா? கிலோவை மறந்துட்டு பக்கெட்டை எடுங்க!

'செம்மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு.' மாடித்தோட்டக்காரர்கள் பலரும் சொல்லும் மண்கலவை இது. சரி, கடையில் போய் எவ்வளவு கேட்பீங்க? '100 கிலோ செம்மண், மத்த ரெண்டும் 50, 50 கிலோ'ன்னு கேட்டா, பர்ஸ் காலி!

ஏன்னா, இங்கே பங்கு என்பது கொள்ளளவு, எடை அல்ல. நார்க்கழிவை 5 கிலோ கட்டிகளாக அழுத்தி விற்கிறாங்க. தண்ணீரில் ஊறினா ஒரு கட்டியே 60 லிட்டருக்கு மேல் உப்பும். 50 கிலோ வாங்கினா 600 லிட்டர்! ஒரு சின்ன கீரைப்பாத்திக்கு ஒரே ஒரு கட்டி போதும். எப்படி?

பாத்தி 4 அடி நீளம், 2 அடி அகலம், 9 அங்குல உயரம்னு வெச்சுக்கங்க. 9 அங்குலம்னா முக்கால் அடி. 4 × 2 × 0.75 = 6 கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆக, 170 லிட்டர். தண்ணீர் ஊத்தினதும் கலவை அமுங்கும் என்பதால், 10 சதவிகிதம் கூட்டி 187 லிட்டர்.

2:1:1 என்றால் மொத்தம் 4 பங்கு. 187-ஐ 4-ஆல் வகுத்தா, ஒரு பங்கு சுமார் 47 லிட்டர். அப்போ செம்மண் 94, ஊறவெச்ச நார்க்கழிவு 47, மண்புழு உரம் 47 லிட்டர்.

வீட்டில் கிடக்கும் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டைக் கழுவி எடுங்க. செம்மண் 5 பக்கெட், மத்த ரெண்டும் ரெண்டரை பக்கெட். வேலை முடிஞ்சது! கொஞ்சம் மிஞ்சினா நாற்றுத் தட்டுக்கு ஆகும்.

'பாத்தியை டபுள் பண்ணலாம்'னு நீளம், அகலம் ரெண்டையும் இரட்டிப்பாக்கினா உஷார்! 8 × 4 அடிக்குத் தேவை 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. செம்மண் மட்டுமே 376 லிட்டர். எடை 400 கிலோவைத் தாண்டும். நனைஞ்சா இன்னும் ஏறும்.

எடையைக் குறைக்க 1:1:1 விகிதத்துக்கு மாறலாம். கலவையில் பாதியா இருந்த செம்மண் மூணுல ஒரு பங்காகிடும். பழைய கட்டடம்னா, மண்ணை மேலே ஏத்துறதுக்கு முன்னாடி இன்ஜினீயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கீரை ஒரு வாரம் தாமதமா வந்தா பரவாயில்லை. தளத்தில் விரிசல் வரக் கூடாது.