வேகம் கூடினால் நலமா? தூரிகையற்ற மோட்டாரின் கதை

வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்படும் விளையாட்டுக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகன் அத்தகைய கார் ஒன்றுடன் வந்தான். பத்தாம் வகுப்பு மாணவன். காரில் இருந்த பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஓராண்டாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய தூரிகையற்ற மோட்டாரைத் தானே பொருத்தியிருந்தான்.

"மாமா, இதில் ஒரு வேடிக்கை. காரைக் கையில் தூக்கிப் பிடித்தால், புதிதாக வாங்கியபோது சுற்றியதைவிட இப்போது வேகமாகச் சுற்றுகிறது. தரையில் விட்டாலோ நாலே நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது. மோட்டார் தேறிவிட்டதா, கெட்டுவிட்டதா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி! விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலில் மோட்டாரின் உள்ளே பார்ப்போம்.

தூரிகை எங்கே போயிற்று?

மின்சாரத்தால் தொடர்ந்து சுழலும் இயக்கத்தை உண்டாக்கலாம் என்பதை மைக்கேல் ஃபாரடே 1821இல் செய்து காட்டினார். உங்கள் பாடநூலில் உள்ள மோட்டாரில் காந்தம் அசையாமல் நிற்கும், கம்பிச்சுருள் சுழலும். சுருளில் மின்னோட்டத்தின் திசையை உரிய தருணத்தில் மாற்றுவதற்குத் திசைமாற்றியும், அதை உரசிக்கொண்டிருக்கும் கரித் தூரிகைகளும் உண்டு. உரசினால் தேயும், பொறி பறக்கும், வெப்பம் உண்டாகும்.

தூரிகையற்ற மோட்டாரில் எல்லாம் தலைகீழ். சுருள்கள் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்கின்றன. நடுவே காந்தம் சுழல்கிறது. அசையாத சுருளுக்கு மின்சாரம் தர உரசும் பொருள் எதற்கு? மூன்று கம்பிகள் போதும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் தருவது என்பதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள டிரான்சிஸ்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. வில்சன், டிரிக்கி என்ற இருவர் 1962இல் இத்தகைய மோட்டாரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினர். 1980களின் தொடக்கத்தில் ஆற்றல் மிக்க நியோடிமியம் காந்தம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, சின்னஞ்சிறு மோட்டார்கூடப் பெரிய வேலை செய்யத் தொடங்கியது.

காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? சில மோட்டார்களில் ஹால் உணரிகள் அதைச் சொல்கின்றன. எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவுதான் இதற்கு அடிப்படை. உணரி இல்லாத மோட்டாரில், அந்த நேரத்தில் மின்னோட்டம் பாயாத சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தைக் கொண்டு கருவி நிலையை அறிகிறது. காந்தம் நிற்கும்போது தூண்டல் இல்லை அல்லவா? அதனால்தான் இவ்வகை மோட்டார் புறப்படும்போது சிறிது திணறும்.

பொருத்தும் முன் ஒரு கணக்கு

மோட்டாரின் மேல் "3000 கேவி" என்று எழுதியிருந்தால் அதைக் கிலோவோல்ட் என்று எண்ணிவிடாதீர்கள். சுமையில்லாத நிலையில் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 3000 சுற்று என்பதே பொருள். இரண்டு அறைகள் கொண்ட லித்தியம் பாலிமர் பாட்டரி 7.4 வோல்ட் தரும். எனவே 22,200 சுற்று. மூன்று அறைப் பாட்டரி 11.1 வோல்ட், சுற்று 33,300. ஆனால் காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக உயரும். வேகம் ஒன்றரை மடங்கானால் அத்தடையை வெல்லத் தேவையான திறன் ஏறத்தாழ 3.4 மடங்காகும்.

மோட்டாரின் அச்சில் உள்ள சிறு பற்சக்கரத்திற்குப் பினியன் என்று பெயர். பையன் 15 பல் பினியனை எடுத்துவிட்டு 25 பல் பினியனைப் போட்டிருந்தான். கார் விரைவாக ஓடும் என்பது அவன் எண்ணம். காரைத் தள்ளத் தேவையான விசை அதே அளவு என்று வைத்துக்கொண்டாலும், மோட்டார் தரவேண்டிய திருப்புவிசை 25/15 மடங்காகிறது. மின்னோட்டமும் அதே விகிதத்தில் ஏறும். சுருளில் தோன்றும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 2.8 மடங்கு! அது மட்டுமா? தாமிரம் சூடேறினால் அதன் மின்தடையும் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 27 சதவீதம் உயர்வு. வெப்பம் வெப்பத்தை வளர்க்கிறது.

புதிர் விடுபடுகிறது

சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். உயர் வெப்பத்திற்கென்று செய்தவை 150, 180 டிகிரி வரை தாங்குவதுண்டு. எல்லை கடந்த சூடும், சுருள்களின் எதிர்ப்புலமும் சேர்ந்தால் காந்தம் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடும். ஆறிய பிறகும் அது திரும்பாது.

சுமையின்றிச் சுழலும் மோட்டாரில், தூண்டப்படும் எதிர் மின்னியக்கு விசை பாட்டரியின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ எட்டும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும். காந்தம் 10 சதவீதம் வலுவிழந்தால், அதே எதிர்விசையை உண்டாக்க 11 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆகவே கையில் பிடித்தபோது வேகம் கூடியது! ஆனால் தரையில் அதே திருப்புவிசைக்கு 11 சதவீதம் அதிக மின்னோட்டம் வேண்டும். சுருளில் வெப்பம் 23 சதவீதம் கூடும். அந்த வெப்பம் காந்தத்தை மேலும் நலிவுறச் செய்யும். கூடிய வேகம் நோயின் அறிகுறி. நலத்தின் அறிகுறி அன்று.

சில மோட்டார்களில் சுழலும் காந்தத்தை மட்டும் மாற்றலாம். அவனுடையது அந்த வகை இல்லை. ஓராண்டுச் சேமிப்பு நாலு நாளில் போயிற்று. அவன் முகம் வாடியதைப் பார்த்தபின் தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மோட்டாரை மாற்றும்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மாற்ற வேண்டும். தூரிகை மோட்டாருக்கான கருவி இதை ஓட்டாது. மோட்டாரைப் பிடிக்கும் திருகாணி நீளமாக இருந்தால் உள்ளே சென்று சுருளைக் கிழித்துவிடும். நீளத்தை அளந்து பாருங்கள். பற்சக்கரங்களுக்கு இடையே மெல்லிய காகிதத் துண்டை வைத்துப் பொருத்தி, பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். சரியான இடைவெளி கிடைக்கும்.

உணரி இல்லாத மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணையுங்கள். உணரி உள்ளதில் அப்படிச் செய்யக்கூடாது. குறியிட்டபடியே இணைக்க வேண்டும்.

முதலில் சிறிய பினியனைப் போட்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரின் சூட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 70 டிகிரியை நெருங்கினால் நிறுத்துங்கள். கூட்டின் வெளிப்புறத்தைவிட உட்புறம் சூடாக இருக்கும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு பல்லாக ஏறுங்கள்.

தூரிகை இல்லை என்பதால் பராமரிப்பே வேண்டாம் என்று பொருளில்லை. பேரிங்குகள் தேயும். மண்ணில் ஓட்டிய பின் தூசியைத் துடைத்து, பேரிங்குக்கு ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். கரகரவென்ற ஒலி கேட்டால் அதை மாற்றிவிடுங்கள். பாட்டரியின் ஓர் அறை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும், 4.2 வோல்ட்டுக்கு மேலே ஏறவும் விடாதீர்கள். உப்பிய பாட்டரி தீப்பற்றக் கூடும். அதைப் பயன்படுத்தாதீர்கள்; மின்னேற்றும்போது அருகிலேயே இருங்கள்.

ஒரு சிறு சோதனை

கருவியிலிருந்து மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றி, அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள். பிறகு மூன்று கம்பிகளின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சுழற்றுங்கள். இம்முறை அச்சு இறுகியதுபோல் தடுக்கும். ஏன்? பாடநூலில் லென்ஸ் விதியைத் திறந்து பாருங்கள். என் தங்கை மகனும் அந்தப் பழைய மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பாடத்தைப் படித்தான்.