விண்ணப்பித்த பிறகு எதைத் தெரிவிக்கலாம்?

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்ட மாணவருக்கு அதன் பிறகு ஒரு புதிய அனுபவமோ சான்றிதழோ கிடைக்கிறது. அதைத் தேர்வு செய்பவர்களுக்குத் தெரிவிக்க முடியுமா? உயர்கல்வி வழிகாட்டுதலைக் கவனிக்கும் ஆசிரியர்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி, பட்டு நெசவாளரின் மகள், நீட் விண்ணப்பத்தை அனுப்பிய பின் தன் அத்தைக்குத் துணையாகக் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் பல வாரங்கள் சென்று வந்தாள். "சார், அங்க கத்துக்கிட்டத எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கேட்டாள். அப்படி ஒரு கட்டம் நம் விண்ணப்பத்தில் இல்லை என்பதே பதில்.

ஏன் இல்லை?

நுழைவுத்தேர்வு இருந்தபோதும், 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்தபோதும், இன்று 720 மதிப்பெண் நீட் தேர்விலும், நம் சேர்க்கை மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் வைத்தே நடக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவில் மட்டும் சாதனைச் சான்றிதழ்கள் கணக்கில் வருகின்றன. சேவையோ அனுபவமோ தரவரிசையை மாற்றாது.

அமெரிக்காவில் வேறு முறை. அங்குள்ள பொது விண்ணப்பத்தில் மாணவர் 15 அனுபவங்கள் வரை எழுதலாம். அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். விண்ணப்பத்தை அனுப்பிய பின் அந்தப் பகுதியில் புதிய அனுபவத்தைச் சேர்க்க முடியாது. விண்ணப்பிப்பதற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு இருப்பதால், புதிய செய்தியைச் சில கல்லூரிகள் தனிக் கடிதமாக ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஏற்கும் கல்லூரிக்கு எழுதும்போது என்ன செய்தேன், எத்தனை நாள், என்ன கற்றேன் என்பதைச் சுருக்கமாக, சரிபார்க்கக்கூடிய வகையில் எழுத வேண்டும்.

இங்கே எதைப் புதுப்பிக்கலாம்?

நம் மாணவர்கள் விண்ணப்பித்த பின் கவனிக்க வேண்டியவை தகவல்களும் ஆவணங்களும்தான். நெசவாளப் பெற்றோருக்கு நான் இப்படிச் சொல்வேன்: பாவு ஏற்றிய பின் இழை எண்ணிக்கையை மாற்ற முடியாது, ஊடையின் நிறத்தை மாற்றலாம். விண்ணப்பத்திலும் மாற்ற முடிந்தது, முடியாதது என்று இரண்டு உண்டு.

1. நீட் திருத்தக் காலம்: விண்ணப்பப் பதிவு முடிந்த பின் தேசியத் தேர்வு முகமை சில நாள்கள் திருத்த வாய்ப்புத் தருகிறது. எவற்றைத் திருத்தலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்க்க வேண்டும். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, இனப்பிரிவு ஆகியவற்றைச் சான்றிதழ்களோடு ஒப்பிட வேண்டிய நேரம் இதுவே.

2. மாநில விண்ணப்பம்: நீட் எழுதினால் மட்டும் போதாது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழுவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட்டுக்குப் பின் கிடைத்த சாதி, இருப்பிடச் சான்றிதழ்களை இங்கே சேர்க்கலாம்.

3. 7.5 சதவீத உள்ஒதுக்கீடு: 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த ஆண்டுகள் இதில் சேராது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என மூன்று பள்ளிகளில் படித்த குழந்தைக்கு மூன்றின் பதிவுகளும் ஒத்துப்போக வேண்டும். ஓர் ஆண்டு விடுபட்டாலும் தகுதியுள்ள குழந்தையின் இடம் கேள்விக்குறியாகலாம்.

4. மறுமதிப்பீடு: செவிலியர், துணை மருத்துவப் படிப்புகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் உயர்ந்தால் தரவரிசைப் பட்டியல் வருமுன் தேர்வுக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அனுபவம் வீணா?

இல்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டு முதலே சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் நடைமுறைப்படுத்தியுள்ளது. நோயாளியின் அருகில் பல வாரங்கள் அமர்ந்திருந்த மாணவிக்கு அந்த வீட்டு வாசலில் தயக்கம் இருக்காது. அதனால் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்கிறேன். தரவரிசைக்கு உதவும் என்ற பொய்யான நம்பிக்கையை மட்டும் தருவதில்லை.

ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் பதினொன்றாம் வகுப்பிலேயே மாணவர்களின் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் பதிவுகளைச் சரிபார்த்துவிடுவது நல்லது. பழைய பள்ளிக்கு நடந்து திருத்தம் வாங்க அப்போது ஓராண்டு கையில் இருக்கும். கலந்தாய்வு நேரத்தில் சில நாள்களே இருக்கும்.