கடல் மழைக்கு ஓப்பனிங் பேலன்ஸ்!

பென்னலூரில் கம்பெனி பஸ் வருவதற்குள் ஆளாளுக்கு ஒரு வானிலை அறிக்கை வாசித்துவிடுவார்கள். "இன்னிக்கு ஊத்தப் போகுது பாரு" என்பார் ஒருத்தர். "அட போய்யா, ஒரு சொட்டு விழாது" என்பார் இன்னொருத்தர். இரண்டு பேரும் பார்ப்பது கிழக்கேதான். அதில் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சரக்கு வருவது வங்காள விரிகுடாவிலிருந்து. அங்கே எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது என்பதுதான் கேள்வி!

விளையாட்டுக் கேள்வி இல்லை, சார். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பெரிய பெரிய தொழிற்சாலைகளே ஷிஃப்டை நிறுத்தின. அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும்.

தரையிலே காற்றை அளக்க மீனம்பாக்கத்தில் பலூன் விடுகிறார்கள். நடுக்கடலில் யார் விடுவது?

இங்கேதான் ஜி.பி.எஸ். வருகிறது. (செல்போன் செய்கிற ஊர்க்காரர்களிடம் ஜி.பி.எஸ். பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்!)

அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் தூரக் கணக்கு. ஆனால் காற்றுக்குள் நுழைந்ததும் சிக்னல் லேசாகத் தாமதிக்கிறது. நேரே தலைக்கு மேலிருந்து வந்தால்கூட தூரம் சுமார் இரண்டரை மீட்டர் கூடுதலாகக் காட்டும்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவோமே, அதுபோல வழிகாட்டும் இன்ஜினியர்களுக்கு இந்தத் தாமதம் ஒரு தொல்லை. வானிலைக்காரர்கள் அந்த அக்கவுண்டைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது, காற்றின் வெப்பமும் ஈரமும்!

எப்படிப் பார்க்கிறார்கள்? தாழ்வாகப் பறக்கும் இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து, பூமியின் விளிம்பில் ஜி.பி.எஸ். கோள் 'அஸ்தமிப்பதை' கவனிக்கிறார்கள். அது மறைய மறைய, சிக்னல் காற்றை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக உரசிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் வளைகிறது. தண்ணீர் டம்ளரில் ஸ்பூன் வளைந்து தெரிகிற சமாச்சாரம்தான். தரைக்குப் பக்கத்தில் வளைவு சுமார் ஒரு டிகிரி. அதிலிருந்து எந்த உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று கணக்குப் போடலாம். மேகம் குறுக்கே நின்றாலும் கவலையில்லை. கடல், நிலம் என்ற பேதமும் கிடையாது.

1965-ல் மாரினர்-4 செவ்வாய்க் கிரகத்தின் காற்றை அளந்தது இந்த உத்தியில்தான். ஜி.பி.எஸ். சிக்னலை வைத்து பூமிக்குச் செய்து பார்த்தது 1995-ல். நம்ம ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2009-ல் போன ஓஷன்சாட்-2, 2011-ல் போன மேகா-டிராபிக்ஸ் இரண்டிலும் இதற்கான கருவி இருந்தது. மேகா-டிராபிக்ஸை 2023 மார்ச்சில் பசிபிக் கடல் மேலே பத்திரமாக இறக்கி விடை கொடுத்துவிட்டார்கள். 2019-ல் அமெரிக்காவும் தைவானும் அனுப்பிய காஸ்மிக்-2 கோள்கள் ஆறும் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் மேலேயே சுற்றும்படி அமைந்தவை.

எல்லாம் சரி, அடி அடுக்கில்தான் தகராறு! கடலை ஒட்டி ஈரக்காற்று, அதற்கு மேலே வறண்ட காற்று என்று இருந்தால், சிக்னல் தாறுமாறாக வளைந்து நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். மழைச் சரக்கில் பெரும்பகுதி இருப்பதோ அந்த அடி அடுக்கில்! அதோடு, ஒரு அளவு என்பது இருநூறு கி.மீ. நீளத்துக்கான சராசரி. 'பென்னலூரில் மழை, பக்கத்து ஊரில் வெயில்' என்றெல்லாம் அது சொல்லாது.

பின்னே என்ன பிரயோஜனம்? நொய்டாவில் வானிலை கணிக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய கடலின் நிலவரம் தெரிந்தால்தான் நாளைய மழையைச் சொல்ல முடியும். ஓப்பனிங் பேலன்ஸ் தப்பானால் குளோசிங் பேலன்ஸ் எப்படி சார் சரியாகும்?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. மதகை இன்றைக்கே திறப்பதா, நாளை வரை பொறுப்பதா என்று தலையைச் சொறியும் அதிகாரிக்கு அரை நாள் முன்னால் சரியான சேதி கிடைத்தால் போதும். ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் பாட்டியையும், ரேஷன் கார்டையும், டி.வி. பெட்டியையும் அதே வரிசையில் மாடிக்கு ஏற்றிவிடும்!