விருந்தாளிக்குக் கிண்ணம், பகைவனுக்கு வாள்! ஜார்ஜியா நாட்டு வீட்டு விருந்து

குன்றின் மேல் ஒரு பெண் நிற்கிறாள்.

அவள் இடது கையில் ஒரு கிண்ணம். வலது கையில் ஒரு வாள்!

கிண்ணத்தில் இருப்பது திராட்சை மது. "நண்பனாக வருகிறாயா? இந்தா கிண்ணம்! பகைவனாக வருகிறாயா? இதோ வாள்!" என்பது அதன் பொருள்.

இது ஒரு சிலை. ஜார்ஜியா நாட்டின் தலைநகரம் திபிலீசி. அந்த நகரத்தில் இருக்கிறது. "ஜார்ஜியாவின் தாய்" என்று பெயர். நகரத்தின் 1,500-வது ஆண்டு விழாவுக்காக 1958-ம் ஆண்டில் நிறுவினார்கள். உயரம் சுமார் 65 அடி.

வாளின் கதை இருக்கட்டும். நாம் கிண்ணத்தின் கதையைப் பார்ப்போம்.

விருந்தாளியின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தால் மட்டும் போதுமா? தட்டில் என்ன வைப்பது? அதுவும் அதிகப் பாடு இல்லாமல்? வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரி அடுப்படியிலேயே வெந்துகொண்டிருப்பது நியாயமா?

இந்தக் கேள்விகளுக்கு ஜார்ஜியா நாட்டுப் பெண்கள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள்.

பூமிக்குள் தாழி

ஜார்ஜியா சின்ன நாடு. ருஷியாவுக்குத் தெற்கே, கருங்கடல் ஓரமாக இருக்கிறது. ஜனத்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. 1991-ம் ஆண்டில் சோவியத் யூனியனில் இருந்து பிரிந்து, தனி நாடு ஆயிற்று. டாக்டர் படிப்புக்காக நம் நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

நாடு சிறியது. ஆனால் அதன் திராட்சைக்கு வயது அதிகம்.

திபிலீசிக்குத் தெற்கே பழைய மண்மேடுகளைத் தோண்டினார்கள். உடைந்த மண்பானைத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் திராட்சை மதுவின் அடையாளம் இருந்தது. வயது சுமார் 8,000 ஆண்டுகள்! 2017-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

இன்றும் அங்கே மண்தாழியில் ஒயின் செய்கிறார்கள். தாழி முட்டை வடிவில் இருக்கும். அதைக் கழுத்து வரை பூமியில் புதைத்துவிடுவார்கள். திராட்சையை மிதித்து, சாற்றை அதில் ஊற்றி மூடுவார்கள். பூமியின் குளிர்ச்சியில் அது பக்குவப்படும். இந்தத் தாழிக்கு "க்வெவ்ரி" என்று பெயர். இந்தப் பழைய முறையை 2013-ம் ஆண்டில் யுனெஸ்கோ தனது பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கறுப்பு ஒயின்

அங்கே பேர் பெற்ற திராட்சை "சப்பெராவி". அந்தச் சொல்லுக்கு "சாயம்" என்று பொருள். மற்றக் கறுப்புத் திராட்சைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோல்தான் கறுப்பு. உள்ளே சதை வெளுப்பாக இருக்கும். இதற்குச் சதையும் சிவப்பு! நாம் "சிவப்பு ஒயின்" என்பதை அந்த நாட்டார் "கறுப்பு ஒயின்" என்றே சொல்கிறார்கள்.

சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. பால் விடாத கடுந்தேநீரைக் குடித்தால் நாக்கு இழுக்கும் அல்லவா? அதே துவர்ப்புதான். தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. அதுபோல, கொழுப்பும் புரதமும் உள்ள பண்டத்தைத் தின்றால், ஒயினின் துவர்ப்பு அடங்கும். கொட்டைப் பருப்பு, பாலாடைக் கட்டி, பயறு, இறைச்சி எல்லாம் இதற்குப் பொருத்தம்.

மிளகாய்க் காரம் மட்டும் கூடாது. காரமும் மதுவும் சேர்ந்தால், வாய் எரியும். நம் ஊர் மிளகாய் பஜ்ஜிக்கும் சிவப்பு ஒயினுக்கும் ஒத்துவராது!

ஜார்ஜியா பெண்களின் கையிருப்பு அக்ரூட் பருப்பு. "வால்நட்" என்றும் சொல்வார்கள். நமக்குத் தேங்காய் எப்படியோ, அவர்களுக்கு அக்ரூட் அப்படி. கொத்தமல்லித் தழை இல்லாத சமையலும் அங்கே அபூர்வம்!

இன்னொரு செய்தி. அந்த நாட்டார் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாட்கள் விரத நாட்கள். அன்று இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதனால் காய்கறிப் பண்டங்கள் ஏராளம். மரக்கறி சாப்பிடுகிறவர்களும் அந்த விருந்தில் தைரியமாக உட்காரலாம்.

ஒரு விழுது, இரண்டு பண்டம்

முதலில் விழுதைச் செய்துகொள்ளுங்கள். ஆறு பேருக்குக் கணக்கு இது:

கால் கிலோ அக்ரூட் பருப்பு, 4 பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை வெந்தயப்பொடி, ஒரு மேசைக்கரண்டி வினிகர், தேவையான உப்பு. ஒரு பிடி கொத்தமல்லித் தழையும் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, துவையல் போல அரையுங்கள். அங்கே காய்ந்த செண்டுமல்லி இதழைப் பொடித்துச் சேர்ப்பதும் உண்டு.

கத்தரிக்காய்ச் சுருள்: அரைக் கிலோ நீளக் கத்தரிக்காயை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக நறுக்குங்கள். உப்புத் தூவி அரைமணி நேரம் வையுங்கள். துடைத்துவிட்டு, எண்ணெயில் வதக்கி எடுங்கள். ஆறியதும் ஒவ்வொரு பட்டையிலும் பாதி விழுதைத் தடவி, பாய் போலச் சுருட்டுங்கள். மேலே மாதுளை முத்துக்களைத் தூவுங்கள். இதற்கு "பத்ரிஜானி" என்று பெயர்.

கீரை உருண்டை: அரைக் கிலோ பசலைக் கீரையைக் கொதிநீரில் சில நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள். இதுதான் முக்கியம். தண்ணீர் இருந்தால் உருண்டை நிற்காது. கீரையைப் பொடியாக நறுக்கி, மீதி விழுதுடன் பிசையுங்கள். எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மாதுளை முத்தை வையுங்கள். இது "ப்காலி". பீட்ரூட்டிலும் முட்டைக்கோசிலும் இதே போலச் செய்யலாம்.

இரண்டையும் காலையிலேயே செய்துவிடலாம். ஆறித்தான் பரிமாற வேண்டும். வைத்திருந்தால் ருசி கூடும்.

பானையில் பயறு

மூன்றாவது பண்டம் "லோபியோ". ராஜ்மா பயறுதான்.

கால் கிலோ ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதிக்கவைத்து, குழைய வேகவிடுங்கள். அரைகுறையாக வெந்த ராஜ்மா வயிற்றைக் கெடுத்துவிடும். எச்சரிக்கை!

இரண்டு வெங்காயத்தையும் 3 பல் பூண்டையும் எண்ணெயில் வதக்குங்கள். அதில் வெந்த பயறு, மல்லித்தூள், உப்பு, ஒரு பிடி பொடித்த அக்ரூட் போடுங்கள். மூன்றில் ஒரு பங்குப் பயறை மத்தால் மசியுங்கள். குழம்பு தானே கெட்டிப்படும். கடைசியில் ஒரு கரண்டி வினிகர், நிறையக் கொத்தமல்லித் தழை. அங்கே இதை மண்பானையோடு கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டுக்கொள்ள மக்காச்சோள மாவு ரொட்டி.

பாலாடைக் கட்டிப் போளி

"கச்சாபுரி" என்பது அவர்களுடைய செல்ல ரொட்டி. போளி தட்டத் தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டு.

இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை கெட்டித் தயிர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, உப்பு. பிசைந்து அரைமணி நேரம் வையுங்கள். பூரணம்? துருவிய பாலாடைக் கட்டி 300 கிராம். அந்த நாட்டுக் கட்டி நமக்குக் கிடைக்காது. சீசும் பன்னீரும் பாதிப்பாதி கலந்தால் சரியாக இருக்கும். மாவுக்குள் பூரணம் வைத்து மூடி, மெதுவாகத் தட்டி, தோசைக்கல்லில் போட்டு மூடி வேகவிடுங்கள். திருப்பிப் போடுங்கள். மேலே வெண்ணெய் தடவுங்கள். சூடாகப் பரிமாற வேண்டியது இது ஒன்றுதான்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு "ம்ச்வாடி" உண்டு. துண்டு போட்ட இறைச்சியைக் கம்பியில் கோத்துத் தணலில் சுடுவார்கள். எந்தத் தணல் தெரியுமா? கவாத்துச் செய்த திராட்சைக் கொடியின் தணல்! மேலே வெங்காய வளையமும் மாதுளைச் சாறும்.

கடிகாரத்தைப் பாருங்கள்

மாலை 7 மணிக்கு விருந்தாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் இரவு: ராஜ்மா ஊற வேண்டும்.

காலை: விழுது, கத்தரிக்காய், கீரை உருண்டை. ஆறியதும் குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிடலாம்.

மாலை 4 மணி: ராஜ்மாவை வேகவைத்துத் தாளிக்க வேண்டும்.

மாலை 6 மணி: ரொட்டி மாவு பிசைய வேண்டும். ஒயின் புட்டி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். இந்தப் பண்டங்களுக்கு இனிப்பில்லாத வகைதான் பொருத்தம்.

7 மணி: முகம் கழுவி, கூடத்தில் உட்கார்ந்து பேசலாம்! இடையில் எழுந்து ரொட்டி சுடக் கால்மணி நேரம் போதும்.

பேசாமல் குடிக்கக்கூடாது!

ஜார்ஜியா விருந்துக்கு "சுப்ரா" என்று பெயர். அங்கே யாரும் தன் இஷ்டத்துக்குக் குடிப்பது இல்லை. விருந்துக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் பெயர் "தமதா". அவர் எழுந்து பேச வேண்டும். நாடு அமைதியாக இருக்கட்டும் என்பார். பெற்றோரை வாழ்த்துவார். இறந்து போனவர்களை நினைப்பார். குழந்தைகளை வாழ்த்துவார். விருந்தாளியை வாழ்த்துவார். பேச்சு முடிந்த பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். அடுத்த பேச்சு வரும் வரை உணவு, பாட்டு, பேச்சு.

"விருந்தாளி கடவுள் அனுப்பியவர்" என்பது அவர்கள் பழமொழி.

கோடரி விழுந்தது!

இந்த விருந்துக்கு ஒரு காலத்தில் ஆபத்து வந்தது.

1985-ம் ஆண்டில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். குடியால் குடும்பங்கள் கெட்டது உண்மை. ஆனால் கோடரி விழுந்தது திராட்சைக் கொடிகளின் மேல். ஜார்ஜியாவிலும் தோட்டங்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

2006-ம் ஆண்டில் அடுத்த அடி. ஜார்ஜியா ஒயினை ருஷியா தடை செய்தது. அதுவரை ஏற்றுமதியில் பெரும் பகுதி ருஷியாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2013-ம் ஆண்டில்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது.

விற்பனை படுத்தது. விருந்து படுக்கவில்லை! வீட்டு முற்றத்தில் ஒரு பந்தல். பூமிக்குள் ஒரு தாழி. அடுப்பில் ஒரு பானை ராஜ்மா. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாத வழக்கம் அப்படியே நின்றது.

குடிக்காதவர்களுக்கு?

"எங்கள் வீட்டில் மது வழக்கம் இல்லையே" என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். மாதுளைச் சாறோ, திராட்சைச் சாறோ ஊற்றுங்கள். மேலே சொன்ன எல்லாப் பண்டங்களும் அதற்கும் பொருந்தும்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று முன்பு பலர் சொன்னார்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மது புற்றுநோய்க்கு ஒரு காரணம். ஆகவே விருந்தாளியை "இன்னும் ஒரு கிண்ணம்" என்று வற்புறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும், சிறுவர்களுக்கும் ஒரு துளியும் வேண்டாம். "இன்னும் ஒரு ரொட்டி" என்று வேண்டுமானால் வற்புறுத்தலாம்!

குழந்தைகளுக்கு ஓர் இனிப்பு இருக்கிறது. "சுர்ச்கேலா" என்று பெயர். அக்ரூட் பருப்பை நூலில் கோப்பார்கள். திராட்சைச் சாற்றில் மாவு கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சுவார்கள். அதில் மாலையை முக்கி முக்கி உலரவிடுவார்கள். பார்த்தால் மெழுகுவர்த்தி போலத் தொங்கும். மது கிடையாது.

குன்றின் மேல் நிற்கும் அந்தத் தாயை மறுபடி நினைத்துப் பாருங்கள். கீழே இருந்து பார்ப்பவனுக்குக் கிண்ணத்தில் இருப்பது மதுவா, மாதுளைச் சாறா என்று தெரியாது. கிண்ணம் ஏந்திய கைதான் தெரியும். "வா, உட்கார், சாப்பிடு" என்று அழைக்கும் கை அது.